பாப் ஸ்மியர்: ‘சுரண்டல்’ வேண்டாம், ‘வழித்தெடுப்பு’ என்போம்

> சுரண்டி எடுத்துக் கண்ணாடியில் பூசுகிறார்கள். ஆகவே ‘கருப்பைவாய்ச் சுரண்டல் சோதனை’ என்பதே பொருத்தம்.

வணக்கம் ஐயா.

கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியச் செய்யும் பாப் ஸ்மியர் சோதனைக்கு உங்கள் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘சுரண்டல்’ என்று வைக்கலாம் என்கிறீர்கள். தயவுசெய்து இந்தச் சொல் வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கம் பதினெட்டு வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். அங்கே ‘சுரண்டுறது’ என்றால் கரு கலைந்தபின் கருப்பையைச் சுத்தம் செய்வது. ஒரு முகாமில் என்னுடன் இருந்தவர் “லேசா சுரண்டி எடுப்பாங்க” என்று சொல்லிவிட்டார். வரிசையில் நின்ற அம்மா, “எனக்குத்தான் ஒண்ணுமில்லையே தாயி, என்னய எதுக்குச் சுரண்டணும்?” என்று ஒயர்கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஒன்றுமில்லாதவர்தானே இதற்கு வர வேண்டியவர்! செல்கள் மாறத் தொடங்கும்போது உடம்புக்கு எதுவும் தெரியாது. அது புற்றாக மாறப் பெரும்பாலும் பல வருடம் ஆகும். அந்த இடைவெளியில் பிடிக்கத்தான் இந்தச் சோதனையே.

நடப்பது என்ன? நுனி வளைந்த மரக்குச்சியைக் கருப்பைவாயில் வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றுவோம். ஒட்டி வந்ததைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, காய்வதற்குள் ஆல்கஹாலில் போட வேண்டும். அவ்வளவுதான். கிரைண்டரில் ஒட்டிய மாவை வழிக்கிறோம், காலையில் நாக்கு வழிக்கிறோம். புண்ணாக்காமல் மேலாக எடுப்பதற்கு நம் வீட்டிலேயே சொல் இருக்கிறது.

‘பூச்சு’ கண்ணாடிக்குச் சரி. பெண்ணுக்கோ ஏதோ மருந்து தடவப்போகிறார்கள் என்று படும். ‘ஒற்றி’ மென்மையான சொல், ஆனால் மதுரையில் ஒத்தி என்றால் வீடுதான். ‘பாப்’ மட்டும் இருக்கட்டும், அது பாப்பனிக்கொலாவ் என்ற மருத்துவர் பெயரின் முதல் பகுதி. ஆக, ‘பாப் வழித்தெடுப்பு’.

அப்புறம், அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்க்கும் முறையை இதோடு சேர்க்காதீர்கள். அதில் வழித்தெடுக்க எதுவுமில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையை மையமாக வைத்து, 2000இல் தொடங்கிய ஆய்வு அந்த முறையில்தான் நடந்தது. ஒரே தடவை பார்த்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்ததிலேயே கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் முடிவு வெளியானது. அதற்கு ‘கருப்பைவாய்ப் பார்வை’ என்றே வைக்கலாம். கண் பார்க்கப் போகிறேன், சர்க்கரை பார்த்தேன் என்று பேசுகிற ஊர் இது.

பட்டியலில் ஏற்றுவதற்கு முன், உங்கள் வீட்டில் நாற்பது வயதுப் பெண் ஒருவரிடம் ‘சுரண்டல்’, ‘வழித்தெடுப்பு’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள் ஐயா.