முடிவு தெரிந்த பின்னும் வாசித்த கதைகள்: அனுபவப் பகிர்வு

பம்பலப்பிட்டி வாசகர்:

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடையொன்றில் அட்டை கிழிந்த ஆங்கிலத் துப்பறியும் நாவல் ஒன்றை வாங்கினேன். கோட்டையில் புகையிரதம் ஏறி முதற் பக்கத்தைத் திருப்பியபோது, கதைமாந்தர் பட்டியலில் ஒரு பெயரின் கீழ் நீல மையால் கோடிட்டு, ‘கொலைகாரன் இவன்தான்’ என்று யாரோ சிங்களத்தில் எழுதி வைத்திருந்தார். அதை வாசித்து விளங்கும் அளவுக்குச் சிங்களம் கற்றிருந்ததற்காக நான் வருந்தியது அன்று ஒரு நாள்தான். பிடிவாதமாக நாற்பது பக்கம் வரை சென்றேன். அந்தப் பெயரை மறைப்பதைத் தவிர அந்த நூலுக்கு வேறு வேலையே இருக்கவில்லை என்பது தெரிந்ததும் மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் கடைக்காரரிடம் இதைச் சொல்லி முறையிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, பிரெட்ரிக் ஃபோர்சைத் 1971 இல் வெளியிட்ட ‘த டே ஒஃப் த ஜக்கல்’ நாவலைப் பாதி விலைக்குத் தந்தார். இதன் முடிவை யாரும் எழுதி வைக்கத் தேவையில்லை. கதையில் குறி வைக்கப்படுபவர் பிரெஞ்சு ஜனாதிபதி சார்ள்ஸ் டி கோல். அவரோ 1970 நவம்பரில் தமது வீட்டில் இயற்கையாகவே இறந்தவர். முடிவு தெரிந்த கதையை யார் வாங்குவார்கள் என்று எண்ணிப் பதிப்பகங்கள் சில இந்த நாவலைத் திருப்பி அனுப்பியதாகப் பின்னர் அறிந்தேன். நானோ அதைப் புகையிரதத்தில் வாசித்தபடி, தெஹிவளையைக் கடந்த பின்னர்தான் இறங்க வேண்டிய நிலையத்தை விட்டுவிட்டதை உணர்ந்தேன்.

கொலையாளி வெல்வானா என்ற கேள்வி அந்த நூலில் இல்லை. அவன் எப்படி வேலை செய்கிறான் என்பதே முழுக் கதையும். சிறு வயதில் இறந்துபோன ஒரு குழந்தையின் பெயரைக் கல்லறையில் கண்டெடுத்து, அதன் பிறப்புச் சான்றிதழைப் பெற்று, அதைக் காட்டிக் கடவுச்சீட்டு வாங்குகிறான். சுடுவதற்கு மிக நெடுநேரம் முன்னதாக வரும் இந்தப் பக்கங்களில்தான் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு, அது மீண்டும் கைக்கு வரும்வரை நின்று பழகிய கொழும்புத் தமிழருக்கு, ஒரு தாளை அதிகாரி புரட்டிப் பார்க்கும் கணம் துப்பாக்கியை விடப் பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை.

அன்று முதல் ஒரு வகை எழுத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. நாயகன் தொலைபேசியில் ஒரு செய்தியைக் கேட்கிறான், முகம் வெளிறுகிறது, அத்தியாயம் முடிகிறது. செய்தி என்னவென்று நமக்கு மட்டும் சொல்லப்படுவதில்லை. அவன் தலைக்குள்ளேயே இத்தனை நேரம் நம்மை உட்கார வைத்திருந்த ஆசிரியர் திடீரென்று கதவைச் சாத்துவது, என் பார்வையில், விறுவிறுப்பு அன்று, ஏமாற்று.

மன்னாரிலிருந்து வந்து வெள்ளவத்தையில் வசிப்பவர்:

சாகசக் கதைகளைப் பற்றி நானும் ஓர் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன். ஜூல்ஸ் வெர்ன் 1869-70 இல் நூலாக வெளியிட்ட நீர்மூழ்கிக் கதையில், கப்டன் நேமோ தமது விருந்தினரை மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களுக்கு, அதாவது முத்துச் சிப்பிகள் விளையும் கடலடித் திட்டுகளுக்கு, அழைத்துச் செல்கிறார். முத்துக்குளிக்கும் ஏழை ஒருவரைச் சுறா தாக்க, நேமோ கத்தியுடன் பாய்கிறார். விருந்தினருள் ஒருவனான நெட் லாண்ட் ஈட்டியால் சுறாவைக் கொல்கிறான். பாடசாலை நாட்களில் இதை வாசித்தபோது எங்கள் கடல் அச்சில் வந்துவிட்டதே என்ற பெருமை மட்டுமே இருந்தது.

அண்மையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் இருந்து அதை மீண்டும் வாசித்தேன். சுறா வருவதும் சாவதும் தெரியுமாதலால் கண் வேறிடங்களுக்குச் சென்றது. அந்த மனிதர் பாதங்களால் ஒரு கல்லைப் பற்றிக்கொண்டு இறங்குகிறார். கல்லுக்கும் தோணிக்கும் இடையே கயிறு உண்டு. இவை சரியான விவரங்கள். ஆனால் தோணியில் கயிறு பிடிப்பதற்கு ஒருவரும் இல்லை. குளிப்பவரின் மைத்துனனே கயிறு பிடிக்க வேண்டும், தன் சகோதரி விதவையாவதை அவன் விரும்பமாட்டான் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள். அதை நினைத்துக்கொண்டு வாசித்தபோது, சுறாவைக் காட்டிலும் அந்த வெறுந்தோணி என்னை அதிகம் கலங்க வைத்தது. சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்று ‘கடல்கட்டி’ என்போர் இருந்ததும், அவர்கள் கரையில் நின்று ஓதாமல் குளிப்பவர்கள் கடலில் இறங்க மறுத்ததும் பழைய ஆவணங்களில் பதிவாகியுள்ளன. வெர்ன் ஒரு கடல்கட்டியையும் கதைக்குள் கொண்டு வந்திருந்தால், நேமோவின் கத்திக்கு இத்தனை மதிப்பு இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

கொட்டாஞ்சேனை வாசகி:

இருவரும் மாத நாவல்களை மறந்துவிட்டீர்கள். இந்தியாவிலிருந்து வரும் அந்த மெல்லிய குற்றக் கதைகளைத் திருமணத்திற்கு முன்னர் நூற்றுக்கணக்கில் வாசித்தவள் நான்; ஒன்றையேனும் இரண்டாம் முறை தொட்டதில்லை. கொலையாளியின் பெயர் தெரிந்துவிட்டால் அவற்றில் ஒன்றுமே மிஞ்சாது என்பது உண்மைதான். இருந்தாலும், வேலை முடிந்து 155 ஆம் இலக்கப் பஸ்ஸில் நின்றுகொண்டே வாசித்த அந்த அரை மணி நேரத்தில் ஒரு வரிகூட என்னை வெளியே பார்க்க விட்டதில்லை. பம்பலப்பிட்டி ஐயா குறைகூறும் அந்தத் தொலைபேசித் தந்திரம் இல்லாவிட்டால் பாதி நாளில் நான் உறங்கியே போயிருப்பேன். முன் பக்கத்தில் யாரும் பெயர் எழுதி வைக்காத ஒரு பிரதி கிடைத்திருந்தால், அவரும் அன்று அந்த நாவலை நாற்பதாம் பக்கத்தில் மூடியிருக்க மாட்டார்.