நர்ஸுக்கும் நிரலாளருக்கும் ஒரே விக்கியா? கட்டற்ற மருத்துவ மென்பொருளின் ஆவணங்கள்

தறி:
வணக்கம். ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற கட்டற்ற மருத்துவப் பதிவு அமைப்பின் அடிப்படையிலான நோயாளிப் பதிவு மென்பொருளுக்கு ஆவணங்களை ஒழுங்குபடுத்துகிறோம். இப்போது எல்லாம் ஒரே விக்கியில் கிடக்கின்றன. படிப்பவர்கள் மூன்று வகை: பதிவு மேசை, வார்டு ஊழியர்கள்; சர்வரில் நிறுவிப் பராமரிப்பவர்கள்; மாட்யூல் (கூடுதல் நிரல் பகுதி) எழுதுபவர்கள். தேடினால் பழைய பதிப்பின் பக்கம்தான் முதலில் வருகிறது. பல இடங்களில் இணையம் நிலையாக இல்லை. எழுத்துக் கோப்புகளிலிருந்து ஆவணத் தளம் உருவாக்கும் எம்கேடாக்ஸ், டாக்குசாரஸ், ஸ்பிங்க்ஸ் கருவிகளில் எது மூவருக்கும் ஒத்துவரும்? மொழிபெயர்ப்பும் தேவை.

கட்டளைவரி:
மூவருக்கும் ஒரே கருவியைத் தேடாதீர்கள். பக்கத்தை யார் திருத்துவார், எங்கே வைத்துப் படிப்பார் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள்.

நிறுவல் வழிகாட்டி, நிரல் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில் (மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் இடம்) மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவில் இருக்கட்டும். அமைப்புக் கோப்பில் ஒரு பெயரை மாற்றும் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்), வழிகாட்டியையும் திருத்தியிருந்தால் மட்டுமே ஏற்கப்பட வேண்டும். விக்கியில் இந்தக் கட்டாயத்தைக் கொண்டுவர வழியில்லை. பழைய பக்கங்கள் தேங்குவது அதனால்தான். இதற்கு எம்கேடாக்ஸ் போதும். பதிப்புகளைப் பிரிக்க மைக் என்ற கருவி உண்டு. ஸ்ட்ரிக்ட் ஆப்ஷனோடு பில்ட் செய்தால் (தளத்தை உருவாக்கினால்) உடைந்த உள் இணைப்பு ஒன்று இருந்தாலும் பில்ட் நின்றுவிடும். டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருளின் ஆவணங்களும் மார்க்டவுனும் எம்கேடாக்ஸும்தான். பயன்படுத்துவது, நடைமுறைப்படுத்துவது, உருவாக்குவது, நிர்வகிப்பது என வேலையை வைத்துப் பிரித்திருக்கிறார்கள்.

ஏபிஐ (மற்ற நிரல்கள் மென்பொருளை அழைக்கும் வழி) பட்டியலைக் கையால் எழுத வேண்டாம். அந்த அழைப்புகளை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ கோப்பிலிருந்து ரீடாக் என்ற கருவி உருவாக்கிக்கொள்ளும். அந்தப் பட்டியல் சொல்லாததை மட்டும் எழுதுங்கள். உதாரணத்துக்கு, ஓப்பன்எம்ஆர்எஸ் ரெஸ்ட் ஏபிஐயில் டெலீட் அழைப்பு நோயாளி பதிவை அழிக்காது, 'வாய்ட்' (செல்லாதது) என்று குறித்துவைக்கும். பர்ஜ் என்பதை ட்ரூ என்று அனுப்பினால்தான் நிரந்தர நீக்கம். புதிதாக வரும் நிரலாளர் தவறக்கூடாத இடம் இது.

நிழற்படி:
வார்டுல இருக்கறவங்களுக்கு வெப்சைட் வேண்டாம். ஒரு வேலைக்கு ஒரு ஏ4 தாள், ஏழெட்டு படிக்கு மேல போகாம. லேமினேட் பண்ணி கம்ப்யூட்டர் பக்கத்துலயே ஒட்டிடுங்க. மூலையில பதிப்பு எண்ணும் தேதியும் கட்டாயம் இருக்கணும், இல்லேன்னா அப்டேட் வந்ததும் எந்தத் தாளைக் கிழிக்கணும்னே தெரியாது.

ஸ்க்ரீன்ஷாட்டை டெமோ டேட்டாபேஸ்ல மட்டும் எடுங்க. சிந்தியா மாதிரி கருவி கற்பனை நோயாளிகளை உருவாக்கித் தரும். நிஜ நோயாளி பேரோட ஒரு படம் கிட்ல ஏறிட்டா, அடுத்த கமிட்ல (மாற்றப் பதிவுல) நீக்கினாலும் வரலாற்றுல அப்படியே இருக்கும். ஃபில்டர்ரீப்போங்கற கருவியை வச்சு வரலாற்றையே திருத்தி எழுதணும், எல்லாரும் களஞ்சியத்தை மறுபடி க்ளோன் பண்ணணும் (நகலெடுக்கணும்).

இணையம் இல்லாத இடத்துக்கு: எம்கேடாக்ஸ் பக்கங்களைப் பென்டிரைவ்ல கொடுத்து நேரடியாத் திறந்தா தேடல் வேலை செய்யாது, இணைப்பைத் தட்டினா பக்கத்துக்குப் பதிலா ஃபோல்டர் திறக்கும். எம்கேடாக்ஸுக்கான மெட்டீரியல் தீமோட ஆஃப்லைன் ப்ளக்இன் ரெண்டையும் சரிசெய்யும். ஆனா உங்க சர்வர் ஏற்கெனவே உள்நெட்வொர்க்லதானே ஓடுது? அதே என்ஜின்எக்ஸ் வெப்சர்வர்ல ஒரு ஃபோல்டரா வச்சிடுங்க, அதுதான் சுலபம்.

ஒற்றெழுத்து:
மொழிபெயர்ப்புக்கு ஸ்பிங்க்ஸையே சொல்வேன். அதன் பிஓ (மொழிபெயர்ப்பு) கோப்புகளில் ஒவ்வொரு பத்தியும் தனித்தனி. மூலம் மாறினால் அந்தப் பத்தி ஃபஸ்ஸி (சரிபார்க்க வேண்டியது) என்று குறிக்கப்பட்டு, சரிபார்க்கும்வரை மூலமொழியிலேயே தோன்றும். டாக்குசாரஸில் மார்க்டவுன் கோப்பு முழுவதும் நகலெடுக்கப்படுவதால், மூலம் மாறியது யாருக்கும் தெரியாமல் பழைய தமிழே நிற்கும். மருந்தின் அளவைப் பதியும் படி ஒன்று அப்படித் தேங்குவதை ஏற்கவே முடியாது. பிடிஎஃப் வேண்டுமென்றால் ஸ்பிங்க்ஸ் அமைப்பில், பிடிஎஃப்பை அச்சுக்கோக்கும் லேடெக் எஞ்சினை ஸீலேடெக் என்று மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் குறிப்பிடுங்கள். இயல்பாக வரும் பிடிஎஃப்லேடெக் தமிழில் தடுக்கி நின்றுவிடும்.

தறி:
நன்றி. அப்படியென்றால் விக்கியை மூடிவிடலாமா?

கட்டளைவரி:
வேண்டாம். கூட்டக் குறிப்புகளும் வடிவமைப்பு விவாதங்களும் அங்கேயே இருக்கட்டும். இடம் மாற்றிய பக்கங்களை அழிக்காமல், உள்ளடக்கத்தை எடுத்துவிட்டுப் புதிய முகவரியை மட்டும் விட்டுவையுங்கள். பழைய இணைப்பைக் குறித்து வைத்திருப்பவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள்.