சர்வோ எக்ஸ்டென்ஷன் வயர் கிரிம்ப் நிக்கவே மாட்டேங்குது, யாராவது வழி சொல்லுங்க

வணக்கம் அண்ணன்களே, பால்சா மரத்துல 2 மீட்டர் ரிமோட் கிளைடர் ஒண்ணு கட்டிட்டிருக்கேன், ஐலரான் (ரெக்கை ஓரத்துல அசையற பலகை) சர்வோ மோட்டார்ல இருந்து ரிமோட் சிக்னல் வாங்கற ரிசீவர் வரைக்கும் 73 செமீ வயர் வேணும். எனக்கு கிடைச்சது 60, இல்லன்னா 90 தான். 90 போட்டா மிச்சம் ஃபியூசலாஜுக்குள்ள (கிளைடரோட உடம்பு) நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கு, ரெண்டு சின்ன வயரை சேத்தா ரெக்கைக்குள்ள ஒரு ஜாயின்ட் வருது, மேல பறக்கறப்ப அது கழண்டா அவ்ளோதான். சரின்னு 22 ஏடபிள்யூஜி (வயர் தடிமன் அளவு, எண் கூடுனா வயர் மெலிசு) வயரும் 2.54 மிமீ பிட்ச் (பின் இடைவெளி) பின்னும் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிட்டு வந்து நானே கிரிம்ப் பண்ண, அதாவது பின்னை வயர்ல அமுக்கி மாட்ட, உக்காந்துட்டேன்.

பிரச்சனை என்னன்னா, பின்னுல ரெண்டு ஜோடி காது இருக்குல்ல, சின்னது செம்பை கவ்வணும், பெருசு மேல் உறையை கவ்வணும். எனக்கு பெருசு சரியா மடியாம பக்கவாட்டுல புடைச்சிக்குது, ஹவுசிங்குக்குள்ள (பின் சொருகற பிளாஸ்டிக் கூடு) போக மாட்டேங்குது, அழுத்தி தள்ளுனா பின்னே வளையுது. பத்துல ஆறு குப்பைக்கு போச்சு, நேத்து நைட் ஒருமணி வரைக்கும் இதே வேலை, வீட்டம்மா மொறைக்கறாங்க.

கிரிம்ப் பண்ற பிளையர் எஸ்என்-28பி மாடல். அதுல எந்த பள்ளத்துல வெச்சு அமுக்கறீங்க? இல்ல 22 உறையே தடிமனா, 26-க்கு எறங்கிடவா? டிஜிட்டல் சர்வோ, மெலிசு வயர் போட்டா இவ்ளோ நீளத்துல வோல்டேஜ் விழுந்துடுமோன்னு பயமா இருக்கு. சால்டர் வெச்சுடுன்னு ஒரு நண்பர் சொல்றாரு, ஆனா ஈயம் வயருக்குள்ள ஏறி வெறைச்சுட்டா அதிர்வுல அந்த இடத்துலயே ஒடியுமே? கலர் குழப்பம் இல்ல, ஆரஞ்சும் வெள்ளையும் சிக்னல்னு தெரியும். உங்க கிரிம்ப் குளோசப் போட்டோ இருந்தா போடுங்க.