புதுப்பிப்பு: இடிமழைக்குப் பிறகு ஓடாத ஏசி, பழுது பிடிபட்டது

கண்டியில் பின்னேர இடிமழைக்குப் பிறகு ஏசி ஓடவில்லை, லைட்டும் இல்லை, பீப் சத்தமும் இல்லை என்று முன்னர் எழுதியிருந்தேன். ரிமோட்டில் கோளாறில்லை. ட்ரிப் சுவிட்சும் விழவில்லை. உள் யூனிட்டின் டெர்மினலில் லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் சரியாக வருகிறது. ஆகவே பழுது உள் யூனிட்டின் எலெக்ட்ரானிக் போர்டில்தான்.

மெயினை நிறுத்தி, கெப்பாசிட்டரில் தேங்கிய சார்ஜ் இறங்க ஐந்து நிமிடமாவது விட்டு, மீட்டரால் பார்த்த பிறகே போர்டில் கைவையுங்கள். 3.15 ஆம்பியர் கண்ணாடி பியூஸ் உள்ளே கரிபிடித்துக் கறுத்திருந்தது. கம்பி மட்டும் உருகியிருந்தால் ஓவர்லோட் எனலாம். கரி இருந்தால் நேரடி ஷோர்ட். பக்கத்திலிருந்த நீல வட்ட வேரிஸ்டர் வெடித்திருந்தது, மீட்டரில் கிட்டத்தட்ட பூச்சியம் ஓம். மின்னல் அதிர்ச்சியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு போர்டைக் காப்பதுதான் அதன் வேலை. அதைக் கழற்றாமல் பியூஸ் மட்டும் மாற்றினால் அடுத்த நொடியே எரியும்.

இரண்டையும் அதே அளவில் மாற்றுங்கள். வேரிஸ்டரில் 471 என்றிருந்தால் 471தான். பியூசுக்குப் பதில் கம்பி சுற்றவே கூடாது, தீப்பிடிக்கும். முதல் முறை 100 வோட் இழை பல்பைத் தொடராக இணைத்துக் கரண்ட் கொடுங்கள். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் போர்டில் இன்னும் ஷோர்ட் இருக்கிறது, ரெக்டிஃபையரும் (ஏசி கரண்டை டிசியாக்கும் பாகம்) போயிருக்கலாம். ஒருமுறை மின்னி மங்கினால் போர்டில் ஷோர்ட் இல்லை.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி தொடங்குமுன் ஐசொலேற்றரை (ஏசிக்கான தனிச் சுவிட்சை) நிறுத்துங்கள். பாறை நிலத்தில் எர்த் சரியாகப் பிடிக்காது, அதையும் அளந்து பாருங்கள்.