மலைக்காட்டு வெந்நீர் ஊற்றுக் குளியலகம்: எஃகும் கண்ணாடியும் தாங்குமா?

கேள்வி: கட்டடக்கலை நான்காம் ஆண்டு மாணவி

வணக்கம். இந்தப் பருவத்தின் வடிவமைப்புப் பாடத்துக்காக, வடக்கு ஜப்பானின் மலைக்காட்டில் கந்தக வெந்நீர் ஊற்று ஒன்றை ஒட்டிப் பொதுக் குளியலகம் வரைந்திருக்கிறேன். ஊற்றிலிருந்து சுமார் 40 மீட்டர் தள்ளி, சமதளத்தில் கான்கிரீட் தொட்டி. அதன்மேல் எஃகுத் தூண்கள், எஃகுச் சட்டக் கூரை. காட்டைப் பார்த்தபடி தரையிலிருந்து கூரை வரை திறக்க முடியாத கண்ணாடிச் சுவர். வழிகாட்டி ஆசிரியர் வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது ஐந்து ஆண்டுகூட நிற்காது, ஏன் என்று நீயே கண்டுபிடி" என்று அனுப்பிவிட்டார். பனியின் பாரத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்து உத்தரங்களைப் பெரிதாக்கிக் கொண்டுபோனேன். அதுவும் இல்லை என்கிறார். நேரில் பார்த்தவர்கள் யாராவது விளக்குவீர்களா?

மறுமொழி 1: அவோமோரியில் வசிக்கும் கட்டமைப்புப் பொறியாளர்

பனியும் சிறிய விஷயம் அல்ல; ஹக்கோதா மலையிலுள்ள சுகாயு என்னும் ஊற்றில் 2013 பிப்ரவரியில் 566 செ.மீ. பனி குவிந்து கிடந்தது. ஆனால் உங்கள் கட்டடத்தைச் சாய்க்கப்போவது அதற்குள் இருக்கும் காற்றுதான்.

சுகாயுவுக்கு முதல்முறை போனபோது என் மனைவி வெள்ளி மெட்டியைக் கழற்ற மறந்து நீரில் இறங்கிவிட்டார். கரையேறிப் பார்த்தால் மெட்டி அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. சில நிமிடக் குளியலில் வெள்ளிக்கு நேர்ந்ததை, இரவும் பகலும் அதே ஆவியில் நிற்கும் உங்கள் எஃகுத் தூண்களுக்குப் பொருத்திப் பாருங்கள். அந்த நீரின் பி.எச். அளவு (7-க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும்) 2-க்கும் கீழே. துத்தநாகப் பூச்சு அதன் முன் நிற்காது, பூச்சு போனால் எஃகும் நிற்காது. கான்கிரீட்டின் நிலை இன்னும் மோசம், ஏனென்றால் அதன் உறுதிக்கு அடிப்படையே காரத்தன்மைதான். தொட்டியை அமிலநீர் நேரடியாக அரிக்கும், நீர் தொடாத சுவரிலோ ஆவியோடு வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கந்தக வாயுவை நுண்ணுயிர்கள் கந்தக அமிலமாக மாற்ற, அது சிமெண்டிலுள்ள சுண்ணாம்பை ஜிப்சமாக்கி உப்பவைத்து, பொருக்குப் பொருக்காக உதிர்க்கும்.

அதனால்தான் சுகாயுவின் பெரிய குளியல் கூடம், ஏறத்தாழ 160 தத்தாமி பாய் விரிக்கும் அளவு, அதாவது சுமார் 260 சதுர மீட்டர், முழுக்க ஹிபா என்ற உள்ளூர் மரத்தால் ஆனது. தொட்டி, தரை, சுவர், கூரை எல்லாமே மரம். நடுவில் தூண் ஒன்றுகூடக் கிடையாது. ஹிபாவில் பூஞ்சையைத் தடுக்கும் ஹினோகிட்டியோல் என்ற பொருள் இயல்பாகவே இருக்கிறது. மரம் ஈரத்தில் உளுத்துவிடும் என்று நாம் பொதுவாகப் பயப்படுகிறோம். ஆனால் எப்போதும் நீருக்குள்ளேயே கிடக்கும் பலகையில் பூஞ்சைக்குக் காற்று கிடைப்பதில்லை. மாறிமாறி நனைந்து காயும் இடங்கள்தான், குறிப்பாகத் தூணின் அடிப்பாகம், முதலில் கெடும். ஜப்பானியத் தச்சர்கள் அந்த அடியை மட்டும் அறுத்தெடுத்து, புதுக் கட்டையைக் கழுந்தும் துளையுமாகப் பூட்டி, மேலே உள்ள தூணை அப்படியே காப்பாற்றிவிடுவார்கள். எஃகுத் தூணில் இந்த வசதி ஏது?

மறுமொழி 2: வேதிப்பொறியாளர், தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறை

பொருளைப் பற்றி மேலே சொல்லிவிட்டார். எனக்குப் பெரிய கவலை அந்தத் திறக்க முடியாத கண்ணாடிச் சுவர். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடச் சுமார் 1.2 மடங்கு கனமானது. நீர்ப்பரப்பை ஒட்டித் தங்கும், அதாவது குளிப்பவரின் மூக்கு இருக்கும் உயரத்திலேயே. அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்று நம்பவும் முடியாது, அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வரையறையும் இதைக் கணக்கில் கொண்டதுதான்: நீர்ப்பரப்புக்கு 10 செ.மீ. மேலே 20 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 20 பங்கு), தரைக்கு 70 செ.மீ. மேலே 10 பி.பி.எம். தாண்டக் கூடாது.

ஆகவே கூரை முகட்டில் நீளவாக்கில் ஆவிபோக்கியும், சுவரின் அடியில் காற்று நுழையும் திறப்புகளும் ஒன்றாக வேண்டும். சூடான ஆவி முகட்டின் வழியே ஏற, அந்த இழுப்பில் கீழிருந்து புதுக்காற்று உள்ளே வந்து, நீர்ப்பரப்பில் தேங்கிய வாயுவையும் கூட்டிக்கொண்டு போகும். உங்கள் வரைபடத்தில் இந்த ஓட்டத்துக்கு வழியே இல்லை. இன்னொன்று: வெளியே உறைபனி, உள்ளே நீராவி என்றால் அந்தக் கண்ணாடி நாள் முழுதும் வியர்த்து வெளுத்திருக்கும், காடு தெரியாது.

கீழ்த்திறப்புகளைப் பனி மூடாத பக்கத்தில் வையுங்கள். 2005 டிசம்பரில் அகிதா மாநிலத்தின் தொரோயு ஊற்றுப் பகுதியில், பனிப்பள்ளம் ஒன்றில் தேங்கிய இதே வாயுவால் ஒரு குடும்பத்தின் நான்கு பேரும் இறந்தார்கள்.

மறுமொழி 3: பழங்கட்டடங்களை வரைந்து திரிபவன்

ஊற்று ஓரிடம், தொட்டி 40 மீட்டர் தள்ளி ஓரிடம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. குன்மா மாநிலத்து மலைக்காட்டில் உள்ள ஹோஷி ஊற்றின் சோஜுகான் விடுதியைப் பாருங்கள். அதன் குளியலகம் 1895-இல் கட்டப்பட்டது. நீரைக் குழாயில் கொண்டுவரவில்லை. ஊற்றின்மேலேயே கூரை போட்டிருக்கிறார்கள். தொட்டியின் அடியில் கூழாங்கற்கள். அவற்றின் இடுக்கிலிருந்து வெந்நீர் குமிழியிட்டு ஏறி, உட்கார்ந்திருப்பவரின் தொடையைத் தொட்டுக்கொண்டு போகும். குறுக்கே கிடக்கும் மரக்கட்டையில் தலை சாய்த்துக்கொள்ளலாம். கட்டடத்தின் இடத்தையும் திசையையும் கட்டுபவர் தேர்வதில்லை, ஊற்றுதான் தேர்கிறது.

அந்தக் காலத்தில் தோக்கியோவில் பரவிய மேலைநாட்டு மோகம் இந்தக் காட்டுக்குள்ளும் வந்து, மேற்பகுதி வளைந்த சாளரங்களை விட்டுச் சென்றிருக்கிறது. ஜப்பானிய மரக்கூடத்தில் அவை ஒட்டாமல் நிற்கும் என்றுதான் நினைத்துப் போனேன். ஆனால் காலை வெளிச்சம் அந்த வளைவுகளின் வழியே ஆவியில் விழுந்து, ஆவியே ஒளிர்கிறது. முழுச் சுவரையும் கண்ணாடியாக்கினால் இந்த வெளிச்சம் கிடைக்காது. கரிய மரச்சுவருக்கு நடுவே இருப்பதால்தான் அது கண்ணில் படுகிறது.

மறுமொழி 4: கட்டடக் கலைஞர், சூரிக்

மரம் மட்டுமே வழி என்று தீர்ப்பெழுதிவிட வேண்டாம். சுவிட்சர்லாந்தின் வால்ஸ் மலைக்கிராமத்தில் கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோர் 1996-இல் முடித்த குளியலகம் கல்லும் கான்கிரீட்டும்தான். அதே பள்ளத்தாக்கில் வெட்டிய குவார்ட்சைட் என்ற கடினக் கல்லின் பலகைகள் சுமார் 60,000. கனம் 31, 47, 63 மி.மீ. என மூன்றே வகை, மூன்றையும் அடுக்கி இணைப்புக் காரையோடு சேர்த்தால் எப்போதும் 15 செ.மீ. ஆனால் அங்கே ஊறுவது சுமார் 30 பாகைச் சூட்டு நீர், சுகாயுவின் அமிலம் அதில் இல்லை. நீரின் பகுப்பாய்வு அறிக்கையைப் படித்த பிறகே பென்சிலை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இன்று காலை வெட்டுத்தோற்றத்தை மாற்றி வரைந்தேன்: ஊற்றின்மேலேயே ஹிபா தொட்டி, முகட்டில் ஆவிபோக்கி, பனி குறைந்த பக்கம் கீழ்த்திறப்பு, மூன்று சாளரங்கள். அடியில் ஊறும் தொட்டிக்கு ஒரு மீட்டர் ஆழம் கொடுத்திருக்கிறேன், சரியா?

மறுமொழி 1 எழுதியவர்

அதிகம். தேங்கும் நீரின் எடை ஊற்றின்மேல் அழுத்தும். ஆழம் கூடக்கூட ஊறுவது குறையும். உட்கார்ந்தால் தோள்வரை வர 60 செ.மீ. போதும். வழிந்தோடும் விளிம்பைக் கழற்றி மாட்டும் பலகையாக வைத்தால், ஊற்றின் வேகத்துக்கேற்ப உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கதவுகளுக்கு உலோகக் கீல் வேண்டாம், மரத்தடத்தில் நகர்பவையாகவே வையுங்கள்.