மேரி சோமர்வில் எழுதியதில் கணவர் வில்லியமின் பங்கு எவ்வளவு?

முகில்வண்ணன்:
ஸ்காட்லாந்தில் 1780-ல் பிறந்து, வானியலையும் இயற்பியலையும் பொதுவாசகர்களிடம் கொண்டுபோன மேரி சோமர்வில்லைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 'தனியாளாகப் போராடி ஜெயித்தவர்' என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டாவது கணவர் வில்லியம் சோமர்வில் இல்லையென்றால் அந்தப் புத்தகங்களே வந்திருக்காது. அவர் ராணுவ மருத்துவர், பிரிட்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர். மனைவிக்கு வேண்டிய நூல்களை நூலகம் நூலகமாகத் தேடினார். கையெழுத்துப் பிரதிகளைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துக் கொடுத்தார். சூரியனின் ஊதாக் கதிர்களைப் பற்றி மேரி எழுதிய கட்டுரையை 1826-ல் ராயல் சொசைட்டியில் சமர்ப்பித்ததும் அவர்தான். அந்தக் காலத்தில் எத்தனை கணவர்கள் இதைச் செய்தார்கள்?

செங்காந்தள்:
அண்ணா, வில்லியம் நல்ல மனிதர், அதில் தகராறே இல்லை. ஆனால் நீங்கள் கதையை 1812 கல்யாணத்தில் தொடங்குகிறீர்கள். அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள்.

பர்ன்டைலண்ட் என்ற கடலோர ஊரில் வளர்ந்த பெண். ஒரு தேநீர் விருந்தில் புரட்டிய பெண்கள் பத்திரிகையில்தான் முதன்முதலாக அல்ஜீப்ராவைக் கண்ணால் பார்க்கிறார். தம்பிக்குப் பாடம் சொல்லவந்த ஆசிரியர் வழியாக யூக்ளிட் எழுதிய வடிவியல் புத்தகம் கைக்கு வருகிறது. ராத்திரி வெகுநேரம் படிப்பதால் மெழுகுவத்தி தீர்ந்துபோகிறதென்று வேலைக்காரர்கள் புகார் சொல்ல, படுத்த உடனே விளக்கை எடுத்துவிடச் சொல்லி உத்தரவு. அதற்குள் முதல் ஆறு பாகங்களைப் படித்துவிட்டார். அப்புறம் என்ன, இருட்டில் படுத்தபடியே முதல் கணக்கிலிருந்து ஒவ்வொன்றாக மனசுக்குள் போட்டுப் பார்த்தார். அப்பா கடற்படை அதிகாரி. இப்படியே விட்டால் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று பயந்தார்.

1804-ல் சாமுவேல் கிரெய்க்கோடு கல்யாணம். பெண்களின் அறிவைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது. 1807-ல் அவர் இறந்தபோது மேரியிடம் இருந்தது இரண்டு சின்னப் பிள்ளைகளும், யாரையும் கேட்க வேண்டாத அளவுக்குச் சொந்தப் பணமும். நியூட்டனைப் படித்தது அப்போதுதான். 1811-ல் கணிதப் பத்திரிகைப் புதிரைத் தீர்த்து வெள்ளிப் பதக்கம் வாங்கினார். வில்லியம் மணந்தது ஏற்கெனவே கணிதத்தில் தேறிய பெண்ணை.

முகில்வண்ணன்:
பணம் படிக்க உதவியது, சரி. வீட்டாரின் வாயைப் பணம் அடைக்குமா? கல்யாணம் நிச்சயமானதும் வில்லியமின் தங்கை ஒருத்தி, இந்தப் படிப்பையெல்லாம் விட்டுவிட்டு என் அண்ணனுக்கு உருப்படியான மனைவியாக இரு என்று மேரிக்குக் கடிதம் போட்டாள். வில்லியம் கொதித்துப்போய் அவளுக்குக் கடுமையாகப் பதில் எழுதினார். அதன்பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் தலையிடவில்லை. வில்லியமின் அப்பா தாமஸ் சோமர்வில்லும் அப்படித்தான், சிறுவயதிலேயே மேரியோடு உட்கார்ந்து லத்தீன் படித்தவர். மேரி பிறந்ததே அவர் வீட்டில்தான்; வில்லியம் மேரிக்கு அம்மாவின் சகோதரி மகன். (நம் பக்கம் இது முறையில்லை, அங்கே நடப்பதுதான்.)

பனங்காட்டான்:
இரண்டு பேரும் கணவர்களையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 1831-ல் மேரி கொண்டுவந்த புத்தகம் பிரெஞ்சு கணிதவியலாளர் லாப்லாஸின் வானியலை ஆங்கிலத்தில் தந்தது மட்டும்தானே? ஊதாக் கதிர் இரும்பைக் காந்தமாக்கும் என்று அவர் கண்ட முடிவும் பிற்பாடு நிற்கவில்லை. அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது என்ன?

செங்காந்தள்:
லாப்லாஸ் தாண்டிப்போன படிகளை அவர் போட்டுக் காட்டினார், படங்கள் சேர்த்தார். கேம்பிரிட்ஜில் அதைப் பாடநூலாக வைத்தார்கள். வெறும் மொழிபெயர்ப்பை அப்படி வைப்பார்களா?

எழுதிய நிலைமையையும் பாருங்கள். 1827-ல் இந்த நூலைக் கேட்டு பிரிட்டிஷ் அரசியல்வாதி புரூஹாம் பிரபு கடிதம் அனுப்பியது மேரிக்கு இல்லை, வில்லியமுக்கு! ரகசியமாக இருக்க வேண்டும், சரியாக வராவிட்டால் பிரதியை நெருப்பில் போட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் மேரி ஒப்புக்கொண்டார். எழுதத் தனி அறை கிடையாது. வாசலில் மணி அடித்தால் தாள்களை மறைத்துவிட்டு, வந்தவர்களுக்கு முகம்கொடுத்துப் பேசி அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஆண் என்றால் வேலை இருக்கிறது என்று சொல்லி ஒதுங்கிவிடலாம், பெண்ணுக்கு அது முடியாது என்று அவரே எழுதியிருக்கிறார்.

1834-ல் வந்த அடுத்த நூல் பத்துப் பதிப்பு கண்டது. அதிலிருந்த சில வரிகள்தான் நெப்டியூனைக் கணக்கிடும் எண்ணத்தைத் தந்தன என்று வானியலாளர் ஆடம்ஸ் சொன்னதாக மேரியின் நினைவுக்குறிப்புகளில் இருக்கிறது.

நெய்தல்:
பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. மூத்த மகள் மார்கரெட் 1823-ல் சிறுமியாகவே இறந்துபோனாள். அந்தச் சின்ன மனசைப் படிப்பால் அளவுக்கு மீறி வருத்திவிட்டோமோ என்று மேரி தன்னையே நொந்துகொண்டார். படிக்கவிடாமல் வளர்க்கப்பட்ட ஒரு தாய்க்கு இந்தக் குற்ற உணர்ச்சி! படிக்கும்போது என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம், குடும்பச் சொத்து பெரும்பாலும் கைவிட்டுப் போனபோது கைகொடுத்தது, மேரியின் எழுத்துக்காக அரசு தந்த ஓய்வூதியம். 1835-ல் வருஷத்துக்கு 200 பவுண்டு, பிறகு 300. யார் யாரைத் தாங்கினார்கள் என்று பேசுவதானால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முகில்வண்ணன்:
இத்தாலிக்குக் குடிபோன பிறகும், 1860-ல் இறக்கும்வரை வில்லியம் அவர் பக்கத்திலேயே நின்றார். அதை எப்படி ஒதுக்குவது?

செங்காந்தள்:
ஒதுக்கவில்லை அண்ணா. அவர் இறந்த பின்னும், 1865-ல் மகன் வொரன்சோவ் போன பின்னும், 1869-ல் மேரி இரண்டு பாகமாக இன்னொரு அறிவியல் நூல் கொண்டுவந்தார். அப்போது வயது 88. நகலெடுத்துத் தர வில்லியம் இல்லை. இன்னொன்று: ராயல் சொசைட்டி மேரியின் மார்பளவுச் சிலையைத் தன் மண்டபத்தில் வைத்தது, அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 1826 கட்டுரை வில்லியம் கையால் போக வேண்டிவந்தது அதனால்தான். அதை வில்லியம் கணக்கில் வரவு வைக்க என்னால் முடியாது.