வீட்டில் கட்டும் இலகு விமானம்: எடை ஏறாமல் பார்ப்பது எப்படி?

கேள்வி:
ஃபோம் மேல் ஃபைபர்கிளாஸ் போர்த்திக் கட்டும் இரண்டு இருக்கை விமானம். வரைபடப்படி வெற்று எடை (ஆளும் பெட்ரோலும் இல்லாமல்) 265 கிலோ, உச்ச எடை 450. முடிந்த இறக்கைகள் கணக்கைவிட 6 கிலோ கூடுதல். இதே போக்கில் வெற்று எடை 290-க்குப் போய்விடும். அப்புறம் 80 கிலோ ஆட்கள் இருவர் ஏறினால் பெட்ரோலுக்கு இடமே இல்லை. உடற்பகுதி இனிமேல்தான். எங்கே பிடித்தால் பலன் அதிகம்? எஃகு போல்ட்டை அலுமினியமாக மாற்றலாமா?

பதில் 1:
போல்ட்டில் கை வைக்காதீர்கள். வரைபடம் சொன்ன எஃகே இருக்கட்டும். நீளமான போல்ட்டைப் போட்டு வாஷர் அடுக்காமல், சரியான நீளத்தில் வாங்கினால் போதும்.

அந்த 6 கிலோவில் பெரும்பங்கு ரெசினாகத்தான், அதாவது ஃபைபர்கிளாஸ் துணியை நனைத்து இறுக வைக்கும் பிசினாகத்தான் இருக்கும். சதுர மீட்டருக்கு 300 கிராம் துணி இரண்டு அடுக்கு என்றால் துணி 600 கிராம். அதற்கு 400 கிராம் ரெசின் போதும். சரிக்குச் சரியாக 600 ஊற்றினால் 200 கிராம் வீண். இறக்கையின் மேற்புறமும் கீழ்ப்புறமுமாக 20 சதுர மீட்டருக்கு அதுவே 4 கிலோ. வலுவைத் தருவது துணி. மிகையான ரெசின் வெறும் பாரம்.

வெட்டிய துணியை எடை போட்டு, அதில் மூன்றில் இரண்டு பங்கு ரெசின் கலக்குங்கள். கப்பிலும் பிரஷிலும் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். வெறும் ஃபோம் ரெசினைக் குடிக்கும், அதனால் முதலில் மைக்ரோ பலூன் (உள்ளே வெற்றிடமான நுண்ணிய கண்ணாடி மணிகள்) கலந்த ரெசின் குழம்பைத் தடவி வழித்துவிடுங்கள். துணி நனைந்ததும் ஸ்குவீஜியால் (வழிக்கும் பட்டை) நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுங்கள். நெசவு தெளிவாகத் தெரிய வேண்டும். பளபளவென்று தேங்கி நின்றால் ரெசின் அதிகம். வெள்ளைத் திட்டு தெரிந்தால் காற்று புகுந்திருக்கிறது, அல்லது அளவுக்கு மீறி வழித்துவிட்டீர்கள். கடைசியில் பீல் பிளை, அதாவது இறுகியதும் உரித்தெடுக்கும் துணி போர்த்துங்கள். நெசவுக் குழிகள் நிரம்பிவிடுவதால் பின்னால் ஃபில்லர் (பரப்பைச் சமமாக்கும் பூச்சு) குறையும்.

பதில் 2:
அடுத்த திருடன் ஃபில்லரும் பெயிண்டும். பூசிய ஃபில்லரில் பெரும்பகுதியைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், குழியில் இருப்பது மட்டும் மிஞ்சட்டும். இறக்கையிலும் வாலிலும் கீலில் அசையும் ஐலரான், எலிவேட்டர், ரட்டரில் இன்னும் கவனம்: கீலுக்குப் பின்னால் ஏறும் பெயிண்ட் சமநிலையைக் கெடுக்கும், ஃப்ளட்டர் (பறக்கும்போது படபடத்து உடைத்துவிடக்கூடிய அதிர்வு) வரை கொண்டுபோய் விடும். பெயிண்ட் அடித்த பிறகு சமநிலையைக் கட்டாயம் மறுபடி பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பேட்டரி இருக்கைக்குப் பின்னால் வருகிறது, எஞ்சின் முன்னால். லித்தியம் போடலாமா?

பதில் 3:
போடலாம். 6 கிலோ ஈய பேட்டரி இருக்கும் இடத்தில் 2 கிலோ லித்தியம் இரும்பு பாஸ்பேட் போதும். சார்ஜ் ரெகுலேட்டரின் வோல்டேஜ் அந்த பேட்டரி தாங்கும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்; வோல்டேஜ் மீறினால் தானே துண்டிக்கும் பாதுகாப்பும் வேண்டும்.

பின்னால் 4 கிலோ குறைந்தால் ஈர்ப்பு மையம் முன்னே நகரும். ஒருவர், இருவர், டேங்க் நிறைந்து, டேங்க் காலி என்று எல்லா நிலையிலும் கணக்கிடுங்கள். வரம்பு அனுமதித்தால் பேட்டரியையே எஞ்சினுக்குப் பின்னாலுள்ள முன்சுவர் பக்கம் கொண்டுவரலாம். ஃபைபர்கிளாஸ் உடல் மின்சாரம் கடத்தாது, ஆகவே பின்னாலுள்ள பேட்டரிக்கு நெகட்டிவ் கேபிளும் தனியாக ஓட வேண்டும். 33 சதுர மில்லிமீட்டர் கேபிளில் தாமிரம் மட்டுமே மீட்டருக்கு 300 கிராம். இரண்டு மீட்டர் தூரத்துக்குப் போக வர 1.2 கிலோ.

வாலில்தான் கஞ்சத்தனம் அதிகம் வேண்டும். மையத்துக்கு 3 மீட்டர் பின்னால் ஏறும் 1 கிலோவைச் சமன் செய்ய, 1.2 மீட்டர் முன்னால் 2.5 கிலோ ஈயம் வைக்க நேரும். மொத்தம் 3.5 கிலோ. உடற்பகுதியைத் தொடங்கும்போது வால் முனையின் அடுக்குகளை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.